பி.பி.ஏ.வா, பி.ஏ.வோடு இரண்டு மார்க்கெட்டிங் பேப்பரா?

அக்கா மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள குரூப். நான்கில் வரலாறுதான் அவளுக்கு உயிர். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் மற்றவர்கள் சுண்டலும் மாங்காயும் வாங்குவார்கள். இவள் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த பக்கம் நடந்துவிடுவாள். 1690-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சாம். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று நாம் தினமும் சொல்கிற பெயர்கள் அந்தக் கணக்கில் வந்தவை என்று எட்டாம் வகுப்பிலேயே எனக்குப் பாடம் எடுத்தவள்.

அவள் அப்பாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிக் கடை. பண்ருட்டியில் பருப்பு எடுத்து வந்து சில்லறையில் விற்கிறார். "வரலாறு படிச்சா என்ன வேலை கிடைக்கும்? பி.பி.ஏ. சேர்த்துடலாம், மார்க்கெட்டிங் படிக்கட்டும், நாளைக்குக் கடைக்கும் ஆகும்" என்பது அவர் கட்சி. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "சித்தி, நீங்களே சொல்லுங்க. நீங்களும் பி.ஏ. தானே?"

நானும் பி.ஏ. தான், பொருளியல். இப்போது புதுச்சேரியில், கைவினைப் பொருள்களைக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். விலைப்பட்டியல், விளம்பர வாசகம், வாடிக்கையாளருக்குக் கடிதம் எல்லாம் என் தலையில். மார்க்கெட்டிங் படிக்காமலே மார்க்கெட்டிங் செய்து பிழைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மாமா சொன்னதும் சரியாகப் பட்டது, அவள் சொன்னதும் சரியாகப் பட்டது. ஒரு வாரம் டைம் கேட்டுக்கொண்டு பாடத்திட்டங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

பார்த்ததில் நான்கு வழிகள் தேறின. மாமா சொல்கிற பி.பி.ஏ., அதாவது வணிக நிர்வாகப் பட்டம், ஒன்று. மார்க்கெட்டிங் வாடையே இல்லாமல் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, பிறகு வேண்டுமானால் எம்.பி.ஏ. என்பது இன்னொன்று. மூன்றாவது, புதுச்சேரியில் இப்போது நடக்கும் நான்காண்டு முறையில் வரலாறு முதன்மைப் பாடம், மார்க்கெட்டிங் துணைப் பாடம். நான்காவது, கடலூர் பக்கத்திலேயே மூன்றாண்டு பி.ஏ., கூடவே ஒன்றிரண்டு மார்க்கெட்டிங் பேப்பர்.

பி.பி.ஏ.வை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. கணக்கியல், வணிகச் சட்டம், புள்ளியியல், நிதி என்று ஒரு அலுவலகத்துக்குள் நடப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்காட்டிவிடுவார்கள். எழுந்து நின்று நாலு பேர் முன்னால் பேச வைப்பார்கள். இன்டர்ன்ஷிப் அனுப்புவார்கள். எங்களிடம் வரும் பி.பி.ஏ. பிள்ளைகள் முதல் நாளே எக்செல் ஷீட்டைத் திறந்து வேலையைப் பார்க்கிறார்கள். பி.ஏ. படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் ஒரு மாதம் ஃபைலை எங்கே சேமித்தோம் என்று தேடுகிறார்கள். (நானும் தேடியிருக்கிறேன்.) ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டன. சேரப்போகிற கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு பி.பி.ஏ.வில் ஒரு தனிச் சிக்கல். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் புத்தகத்திலேயே சந்தை என்றால் என்ன, சந்தையிடுகைக் கலவை என்றால் என்ன, பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு என்று ஆங்கிலத்தில் 'பி'யில் தொடங்கும் நான்கு 'பி' எவை, அண்மைக்காலப் போக்குகள் எவை என்று பாடங்கள் இருக்கின்றன. முதலாண்டு பி.பி.ஏ. பாடத்திட்டத்தைக் காட்டியதும் அவள் கேட்டாள்: "இதைத்தான் சித்தி போன வருஷம் மனப்பாடம் பண்ணேன். மறுபடியும் இங்கிலீஷ்ல பண்ணணுமா?" பதில் சொல்ல முடியவில்லை. அறிவியல் குரூப்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது.

சரி, பி.ஏ. மட்டும் போதுமா என்றால், அதற்கு நானே எதிர்சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சுடுமண் விளக்கு எங்களுக்கு 60 ரூபாய்க்கு வரும். விற்கிற விலையில் 40 சதவீதம் மார்ஜின் நிற்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். 60-க்கு 40 சதவீதம் 24, ஆக 84 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பட்டியலை அச்சுக்கே அனுப்பிவிட்டேன். 84-இல் 24 என்பது 28 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 40 சதவீதம் நிற்க வேண்டுமானால் விலை 100 இருந்திருக்க வேண்டும். அடக்கவிலை மேல் ஏற்றுகிற சதவீதம் வேறு, விற்றவிலையில் நிற்கிற சதவீதம் வேறு என்பது எனக்குத் தெரியாது. விளக்குக்கு 16 ரூபாய் வீதம் கார்த்திகை சீசன் முழுக்கப் போயிற்று. விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சி பற்றிப் பத்துப் பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கினவள் நான். மாமா கடையில் பொட்டலம் கட்டுகிற பையன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மூன்று வருடத்தில் ஒரே ஒரு பேப்பர், ஒரே ஒரு ஆசிரியர், "இந்தத் தேவை வளைகோட்டை வைத்து ஒரு விளக்குக்கு விலை வை பார்ப்போம்" என்று கேட்டிருந்தால் போதும்.

அதற்காக அந்த மூன்று வருடத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மார்க்கெட்டிங்கே படித்திருக்கலாம் என்று இன்றுவரை தோன்றியதில்லை. அதற்குக் காரணம் அந்தப் பாடம் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் மார்க்கெட்டிங் வகுப்புகளில் ஒன்று என்று 1902-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஜோன்ஸ் நடத்தியதைச் சொல்வார்கள். அவர் பொருளியல்காரர். பண்ணையில் விளைந்தது வாங்குகிறவன் கைக்கு எப்படி வந்து சேருகிறது, நடுவில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் காலத்து மார்க்கெட்டிங் கேள்வி. பண்ருட்டிப் பலாப்பழத்தை வைத்து இன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். பிறகு உளவியல் வந்து சேர்ந்தது. மனதுக்குள் நடப்பதை விட்டு வெளியே தெரிகிற நடத்தையைப் படிக்கிற நடத்தைவாதத்தைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சன் 1920-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக நேர்ந்தபோது, போய்ச் சேர்ந்த இடம் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனம். மார்க்கெட்டிங் பாடநூல் எழுதி, எல்லா எம்.பி.ஏ. மாணவர்களும் பெயர் சொல்கிற ஃபிலிப் கோட்லர், சிகாகோவிலும் எம்.ஐ.டி.யிலும் படித்தது பொருளியல்.

1959-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய அறிக்கைகள் வந்தன. ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹவலும் எழுதியது ஒன்று, கார்னகி நிறுவனத்துக்காக பியர்சன் எழுதியது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே குறையைச் சொல்லின: வணிகப் படிப்பு வெறும் தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது, கலைப் பாடங்களும் சமூக அறிவியலும் கணிதமும் அதற்குள் இன்னும் வர வேண்டும். பி.பி.ஏ. தவறு என்று நான் இதிலிருந்து சொல்ல வரவில்லை. மனிதர்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் நம்புகிறார்கள், எந்தச் சொல்லுக்கு மசிகிறார்கள் என்பதைப் படிக்கிற துறைகள் மூலத்துறைகள். மார்க்கெட்டிங் அவற்றிடம் வாங்கி வேலைக்கு வைத்துக்கொள்கிறது. மூலம் தெரிந்தவளுக்கு வேலை முறையை ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எதிர்த்திசையில் அவ்வளவு சுலபமாக நடந்து நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறாரே. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரர். கூடவே பெரிய வியாபாரி. எந்தக் கப்பல் என்று வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார், சரக்கு என்ன ஆயிற்று என்று 1736-இலிருந்து 1761 வரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் எழுத்தை வரலாற்று மாணவர்கள் சான்றாகப் படிக்கிறார்கள். ஒரு மார்க்கெட்டிங் வகுப்பில் அதே பக்கங்களை வைத்து, இந்த மனிதர் வாங்குகிறவனையும் விற்கிறவனையும் எப்படிப் படித்தார் என்று கேட்டால் என்ன?

ஒரு சம்பவம். போன வருடம் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்குச் சின்ன அட்டையில் வாசகம் எழுத வேண்டியிருந்தது. பி.பி.ஏ. முடித்த தம்பி ஒருவர் 'உயர்தரம், கைவண்ணம், இயற்கைக்கு உகந்தது' என்று எழுதிக் கொடுத்தார். பொம்மைக்கும் ஒட்டலாம், பாய்க்கும் ஒட்டலாம், ஊறுகாய்க்கும் ஒட்டலாம். வரலாறு படித்த பெண் ஒருத்தி பொம்மை செய்கிறவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்து, கூழ் அரைப்பதிலிருந்து வண்ணம் பூசுவது வரை இரண்டு பக்கம் எழுதினாள். படிக்க அருமை. ஆனால் அட்டையின் நீளம் நான்கு விரல். கடைசியில் அந்தத் தம்பிதான் அவள் எழுதியதிலிருந்து நான்கு வரியை உருவி எடுத்தார். அட்டை நன்றாக வந்தது. என் அக்கா மகள் அந்தப் பெண் மாதிரி எழுத வேண்டும், தம்பி மாதிரி வெட்டவும் தெரிய வேண்டும் என்பது என் பேராசை.

இதை என் பழைய பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம். "வரலாற்றுத் துறையில சோப்பு விக்கச் சொல்லிக் கொடுக்கணுமா?" லிபரல் ஆர்ட்ஸ் என்று ஐரோப்பாவில் பழைய காலத்தில் எண்ணிய ஏழு கலைகளில் இலக்கணமும் தருக்கமும் எப்படியோ அப்படித்தான் பேச்சுக்கலையும், கேட்பவரை இணங்க வைக்கும் கலை அன்றைக்கே உள்ளேதான் இருந்தது என்று நான் மடக்கப் பார்த்தேன். அவர் மசியவில்லை. "அது இருக்கட்டும். ஒரு பேப்பர் உள்ளே வந்தா ஒரு பேப்பர் வெளியே போகும். எது போகும்னு சொல்லு" என்றார். சோப்பு வாதத்தை விட்டுவிடலாம், இந்தக் கேள்வியை விட முடியாது. மூன்றாவது வழியைப் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் குறுக்கே நின்றது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் 2023-24 முதல் நான்காண்டு முறை வந்திருக்கிறது. மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வகுத்த கணக்குப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு குறைந்தது 120 கிரெடிட், அதாவது பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு. அதில் முதன்மைப் பாடத்துக்கு 60, துணைப் பாடத்துக்கு 24, பிற துறைப் பாடங்களுக்கு 9, திறன் பாடங்களுக்கு 9. மீதி மொழி, மதிப்புக் கல்வி, இன்டர்ன்ஷிப். மார்க்கெட்டிங்கைத் துணைப் பாடமாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு படிப்பு அதற்குப் போய்விடும். அந்த இடத்தில் வேறு என்னென்ன உட்கார்ந்திருக்கலாம்? பொருளியல், தமிழ், உளவியல். புதுச்சேரியில் இருக்கிறோம் என்பதால் இன்னொன்றும்: பிரெஞ்சு. இந்தக் கடற்கரையின் வரலாற்றைப் படிக்க ஆசைப்படுகிற பெண்ணுக்கு பிரெஞ்சு துணைப் பாடமாகக் கிடைக்கும் என்றால், மார்க்கெட்டிங்கை யோசிக்காமல் விட்டுவிடு என்பேன். மொழியைத் தனியாகப் பிறகு பிடிப்பது கஷ்டம். நான்கு 'பி'யைப் பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம்.

எனக்கு அந்த 24-ஐவிட 9-கள்தான் பிடித்திருக்கின்றன. பிற துறைப் பாடங்களில் வணிகமும் மேலாண்மையும் ஒரு பிரிவு. அதில் ஒரு பேப்பர், திறன் பாடத்தில் ஒரு பேப்பர், ஆக ஆறு கிரெடிட் அளவுக்கு மார்க்கெட்டிங் போதும். வரலாற்றின் 60-இல் கை வைக்க வேண்டாம், துணைப் பாடமும் காலியாகவே இருக்கும். பிளஸ் டூவில் படித்ததையே பிற துறைப் பாடமாகத் திரும்ப எடுப்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு உண்டு; வணிகவியல் படித்துவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பிரிவைத் தருவார்களா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரி என்றால் இன்னும் சில தலைவலிகள். அரசுக் கல்லூரி இடங்கள் சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாக நிரம்பும். அங்கே குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை. எங்களுடையது கடலூர் முகவரி. தினமும் போய்வருவது என்றால் முள்ளோடை தாண்டி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி. கல்லூரி லாஸ்பேட்டை பக்கம் இருந்தால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். சனிக்கிழமை மாலை அந்தச் சாலையில் மாட்டினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், வாரா வாரம் அனுபவிக்கிறேன்.

கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மூன்றாண்டு பட்டம், முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மையும் சார்புப் பாடங்களும், நான்காவதில் பிற துறை விருப்பப் பாடம், திறன் பாடம். வீட்டுக்குப் பக்கம், செலவும் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். விருப்பப் பாடம் என்ற பெயரை மட்டும் நம்பிவிடக்கூடாது. காகிதத்தில் மாணவர் விருப்பம். நடைமுறையில் பல இடங்களில் எந்தத் துறை ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதோ அந்தப் பாடம். வணிகவியல் துறை பிற துறை மாணவர்களுக்கு என்ன பேப்பர் நடத்துகிறது என்று சேரும் முன்னாலேயே போய்க் கேட்பது நல்லது. 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வரும் திறன் பயிற்சிகளும் உண்டு.

அது எதுவும் சரிவரவில்லை என்றால் ஸ்வயம், மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்; தேர்வு எழுதிச் சான்று வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். அதில் மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைப்பது பெங்களூரு ஐ.ஐ.எம். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கணக்கில் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் கற்றது கற்றதுதான். அதே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-இல் வந்த விதியைக் காட்டி, பி.ஏ.வோடு தொலைநிலையில் பி.பி.ஏ.வும் போடலாமே என்று மாமா ஒரு நாள் ராத்திரி போன் செய்தார். பதினேழு வயதுப் பெண் தூங்க வேண்டாமா மாமா என்று வைத்துவிட்டேன்.

பி.ஏ. முடித்து எம்.பி.ஏ. என்கிற இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளான டான்செட்டுக்கும் (தமிழ்நாடு) கேட்டுக்கும் (ஐ.ஐ.எம்.களின் CAT) எந்தப் பட்டமும் போதும், பொதுப்பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண். இன்றைக்கு வரலாறு எடுப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது என்பதை மாமாவுக்குப் புரியவைக்க இது உதவியது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் அதே கதைதான், பட்டம் இருந்தால் போதும். அங்கே வரலாறு படித்தவளுக்குக் கொஞ்சம் வசதிகூட. ஆனால் எம்.பி.ஏ. செலவு பெரிய செலவு. தனக்கு அது பிடிக்குமா என்றே தெரியாமல் அவ்வளவு பணத்தைக் கட்டுவதைவிட, பி.ஏ. படிக்கும்போதே இரண்டு பேப்பரில் ருசி பார்த்துவிடுவது மேல்.

எந்த இரண்டு பேப்பர்? டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அதை முதலில் எடுக்காதே என்றேன். இன்றைக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் விளம்பரம் போகும் என்பது அவள் பட்டம் வாங்குவதற்குள் மாறிவிடும். நுகர்வோர் நடத்தை ஒன்று, சந்தை ஆய்வு ஒன்று. சந்தை ஆய்வில் கேள்வித்தாள் தயாரிப்பதும், எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்து கேட்கிற கூறெடுப்பும் வரும். வரலாற்று மாணவிக்குச் சான்றைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். விலை வைக்கிற கணக்கை மட்டும் நானே சொல்லித் தருகிறேன். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. முதலாண்டிலேயே இவற்றை எடுக்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். இரண்டு செமஸ்டர் வரலாறு படித்து, சான்று என்றால் என்ன, ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பிடிபட்ட பிறகு அந்த வகுப்பில் உட்கார்ந்தால் கேள்வி கேட்பாள். முன்னாலேயே உட்கார்ந்தால் குறிப்பு எடுப்பாள்.

பி.பி.ஏ. யாருக்குச் சரி என்றும் மாமாவிடம் சொன்னேன். மூன்று வருடம் முடிந்த மறுமாதம் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடு, எந்தக் கலைப் பாடத்திலும் தனியாக ஆசை இல்லாத பிள்ளை, பிளஸ் டூவில் வணிகவியல் தொடாத பிள்ளை, இவர்களுக்கு நல்ல பி.பி.ஏ. கல்லூரி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் இந்த மூன்றும் இல்லை.

விண்ணப்பத்தில் பி.ஏ. வரலாறு முதல் விருப்பம், பி.ஏ. பொருளியல் இரண்டாவது, பி.பி.ஏ. மூன்றாவது என்று போட்டிருக்கிறாள். மாமா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: கல்லூரி திறக்கும் வரை தினமும் சாயங்காலம் கடையில் உட்கார வேண்டும். டபிள்யூ 240-க்கும் டபிள்யூ 320-க்கும் என்ன வித்தியாசம் என்று முதல் நாளே கற்றுக்கொண்டாள். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது, எண் சிறிதானால் பருப்பு பெரிது. மூன்றாம் நாள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "அப்பா, முழுப் பருப்பு யார் வாங்குறாங்க, உடைச்ச பருப்பு யார் வாங்குறாங்கன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"நோட்டுல கடன் சொன்னவங்க பேர் மட்டும்தான் இருக்கு" என்றாராம் மாமா.

அந்த நோட்டைத்தான் இப்போது முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.